வலிக்காமல் அளப்பது

நோயாளியின் நீரைப் பார்த்து நோயை அறியும் முறையை வகுத்த தேரையர், எப்படிப் பார்ப்பது என்பதற்கு முன்னால் எப்படி எடுப்பது என்று சொல்லிவிடுகிறார். முந்தின நாள் ஒன்றுக்கொன்று பகையில்லாத உணவை அளவோடு உண்டிருக்க வேண்டும். வேளை தப்பி உண்டிருக்கக் கூடாது. இரவு நன்றாக உறங்கியிருக்க வேண்டும். விடியலில் கழியும் நீரைக் கண்ணாடிக் கலத்தில் பிடித்து, ஒரு முகூர்த்த நேரத்துக்குள் அதன் நிறத்தையும் அதில் விட்ட எண்ணெய்த் துளி பரவும் விதத்தையும் பார்த்துவிட வேண்டும். துளி பாம்பாக நீண்டால் வாதம், மோதிரமாக வளைந்தால் பித்தம், முத்தாக நின்றால் கபம் என்று சித்த வைத்தியர்கள் சொல்வதைப் பலரும் கேள்விப்பட்டிருப்போம். அந்த மூன்று வடிவங்களைவிட, அவற்றுக்கு முன்னால் நிற்கும் நிபந்தனைகளே என்னை அதிகம் யோசிக்க வைக்கின்றன. உணவு, உறக்கம், வேளை, கலம், கெடு. உடம்பிடம் ஒரு கேள்வி கேட்பதற்கு முன் அந்த உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள் என்கிற கண்டிப்பு அது.

உமிழ்நீரை வைத்து மன அழுத்தத்தை அளக்கும் இன்றைய ஆய்வுக்கூடங்கள் பங்கேற்பாளர் கையில் ஒரு தாளைக் கொடுக்கின்றன. அதிலும் இதே கண்டிப்புதான். எச்சில் எடுப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து காபி, டீ, சாப்பாடு, புகை எதுவும் கூடாது. பல் துலக்கிய கையோடு எடுக்கக் கூடாது. ஈறில் கசிந்த ரத்தம் கணக்கைக் கெடுத்துவிடும். கண்விழித்த நேரத்தைக் குறித்துவைக்க வேண்டும். எச்சிலைக் குழாயில் தானாக வடியவிட்டு, மூடி, குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும்.

சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வு நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எட்டாக விரிகிறது. எட்டில் ஒன்றுகூடத் தோலைத் துளைப்பதில்லை. உடம்பு தானாக வெளியே காட்டுவதையும் தானாகக் கழிப்பதையும் வைத்தே உள்ளே நடப்பதை அறியப் பார்த்த மரபு அது. யோகா, சித்தா, ஆயுர்வேதம், அக்குபஞ்சர், மசாஜ் போன்றவற்றை ஆராய்கிறவர்கள் இன்று உமிழ்நீர், நாடித்துடிப்பு, தலைமுடி, சிறுநீர் என்று ஊசி இல்லாத அளவைகளைத் தேடிப் போவது அந்த வகையில் பொருத்தமானது. ஆனால் வலிக்காத அளவை என்பதனாலேயே அது உண்மையைச் சொல்லிவிடுமா என்பது தனிக் கேள்வி. இந்தத் துறையின் கடந்த சில பத்தாண்டுகளை அந்தக் கேள்வியோடுதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

மன அழுத்தமும் நோய் எதிர்ப்பு ஆற்றலும் ஒன்றோடொன்று கட்டுண்டவை என்பது இந்த ஆய்வின் பிறப்பிலேயே இருக்கிறது. 1936ஆம் ஆண்டு மாண்ட்ரியாலில் இருந்த ஹான்ஸ் செலியே, நேச்சர் இதழுக்கு ஒரு பக்கத்துக்கும் குறைவான கடிதம் ஒன்றை எழுதினார். எலிகளைக் குளிரில் விட்டாலும், அளவுக்கு மீறி ஓடவைத்தாலும், நஞ்சூட்டினாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான் என்றார். அட்ரினல் சுரப்பி வீங்கியது. வயிற்றில் புண் வந்தது. எதிர்ப்பு அணுக்கள் வளரும் தைமஸ் சுரப்பியும் நிணநீர் முடிச்சுகளும் சுருங்கிப்போயின. ஆனால் அதைப் பார்க்க எலியை அறுக்க வேண்டியிருந்தது. மனிதரை அறுக்க முடியாது. அப்படியானால் எதைக் கொண்டு அறிவது?

ரத்தம் எடுப்பது முதலில் தோன்றும் வழி. அட்ரினல் சுரப்பி விடுகிற கார்ட்டிசால் ரத்தத்தில் ஓடுகிறது, எடுத்து அளந்தால் போதும் என்று தோன்றும். ஆனால் ஊசியைக் கண்டாலே கை சில்லிட்டுப்போகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! ரத்தநாளம் கிடைக்காத முதியவரின் கையில் செவிலியர் இரண்டாம் முறை, மூன்றாம் முறை குத்தும்போது, அளக்க வந்த அழுத்தத்தோடு அளக்கும் செயலே உண்டாக்கிய அழுத்தமும் சேர்ந்து குழாயில் இறங்குகிறது. ஒரு யோகப் பயிற்சி மனத்தை அமைதிப்படுத்துகிறதா என்று அறிய வந்தவர், பயிற்சி முடிந்த மறுகணமே அந்த அமைதியை ஊசியால் கலைத்துவிட்டு அளக்கிறார். குழந்தைகளிடமும், கர்ப்பிணிகளிடமும், ஒரு நாளில் ஆறேழு தடவை அளக்க வேண்டிய ஆய்விலும் இது பெரிய இடையூறு.

ஊசி வேண்டாம் என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. ரத்தத்தில் இருக்கும் கார்ட்டிசாலில் 90 சதவீதத்துக்கும் மேல் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு செயலற்றுக் கிடக்கிறது. ஒட்டாமல் விடுபட்டு நிற்கும் சிறு பகுதிதான் திசுக்களுக்குள் புகுந்து வேலை செய்கிறது. உமிழ்நீருக்குள் வந்து சேர்வதும் அந்த விடுபட்ட பகுதிதான். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்ணின் ரத்தத்தில் ஒட்டும் புரதம் கூடுவதால் மொத்தக் கார்ட்டிசால் மிகுந்து காட்டும். அந்த மிகுதியை அழுத்தம் என்று படித்தால் பிழை. எச்சில் இந்த இடத்தில் ரத்தத்தைவிட நேர்மையான சாட்சி. அருவருப்பாக நினைத்துத் துப்பிவிடுகிற ஒன்று இவ்வளவு சேதி சுமந்திருக்கிறது என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்கு உண்டான வியப்பு இன்னும் தீரவில்லை.

ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் க்ளெமென்ஸ் கிர்ஷ்பாமும் டிர்க் ஹெல்ஹாமரும் இந்தச் சாட்சியை நம்பி ஒரு சோதனையை வடிவமைத்தார்கள். 1993இல் வெளியான அது, உலகெங்கும் இன்றுவரை பயன்படுகிறது. பங்கேற்பாளர், முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத நடுவர்கள் முன் ஐந்து நிமிடம் பேச வேண்டும். பிறகு ஐந்து நிமிடம் 1022இலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துக்கொண்டே போக வேண்டும், தவறினால் முதலிலிருந்து. அடியில்லை, மின்னதிர்ச்சியில்லை, ஊசியில்லை. பிறர் பார்க்கிறார்கள், எடைபோடுகிறார்கள் என்பது மட்டும்தான். அது போதுமானதாக இருந்தது. சோதனை முடிந்து பத்து இருபது நிமிடத்தில் பெரும்பாலானவர்களின் உமிழ்நீரில் கார்ட்டிசால் பல மடங்கு ஏறி நின்றது. மனிதருக்கு மனிதரின் பார்வை எவ்வளவு கனமானது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சோதனை எனக்குத் தெரிந்து வேறில்லை.

இங்கிருந்துதான் மாற்று மருத்துவ ஆய்வு தடுமாறத் தொடங்கியது. எச்சிலில் கார்ட்டிசால் அளப்பது எளிதானதும், ஏராளமானோர் அளந்தார்கள். சிகிச்சைக்கு முன் ஒரு குழாய், பின் ஒரு குழாய். முன்னதைவிடப் பின்னது குறைந்திருந்தால் சிகிச்சை அழுத்தத்தைக் குறைத்தது என்று எழுதினார்கள். மசாஜ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மயாமி பல்கலைக்கழகத்தில் தொடுகை ஆய்வுக்கென்றே நிறுவனம் கண்ட டிஃப்பனி ஃபீல்டும் அவருடன் இருந்தவர்களும் 2005இல் ஒரு தொகுப்புக் கட்டுரை வெளியிட்டார்கள். மசாஜுக்குப் பின் கார்ட்டிசால் சராசரியாக 31 சதவீதம் குறைகிறது என்றது அது. உமிழ்நீர், சிறுநீர் அளவைகளை வைத்து வந்த எண். அந்த 31 உலகெங்கும் பரவியது. மசாஜ் நிலையங்களின் விளம்பரங்களிலும் பாடநூல்களிலும் இடம்பிடித்தது.

2011இல் கிறிஸ்டோஃபர் மோயரும் உடனிருந்தவர்களும் அதே ஆய்வுகளையும் மற்றவற்றையும் எடுத்து வேறொரு கேள்வி கேட்டார்கள். மசாஜ் பெற்றவர்களின் முன்னும் பின்னும் இருக்கட்டும். மசாஜ் பெறாத ஒப்பீட்டுக் குழுவோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் எவ்வளவு? விடை, மிகமிகச் சிறியது, பெரும்பாலும் பூஜ்யத்திலிருந்து பிரித்துச் சொல்ல முடியாதது என்று வந்தது.

இது எப்படி நேர்ந்தது? கார்ட்டிசாலுக்கு ஒரு நாளைக்கென்று ஒரு நடை இருக்கிறது. கண்விழித்த அரை மணி முதல் முக்கால் மணிக்குள் அது உச்சத்துக்கு ஏறும். பிறகு மதியம், மாலை என்று படிப்படியாக இறங்கி நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்கு வரும். காலை பத்து மணிக்கு ஒருவரின் எச்சிலை எடுத்துவிட்டு அவரை ஒரு மணி நேரம் சும்மா நாற்காலியில் உட்காரவைத்து மறுபடி எடுத்தாலும் கார்ட்டிசால் பெரும்பாலும் குறைந்தே இருக்கும். பொழுது செய்த வேலையை மசாஜின் கணக்கில் எழுதிவிட்டார்கள். சோதனைக்கு வந்த புதிதில் இருக்கும் படபடப்பு சற்று நேரத்தில் தானே தணிவதும் அதே கணக்கில் சேர்ந்தது.

மசாஜால் பயனில்லை என்று இதற்குப் பொருளில்லை. உடனடிப் பதற்றம் குறைகிறது, மனச்சோர்வு குறைகிறது என்பதற்கு மோயரின் ஆய்வுகளிலேயே ஆதாரம் உண்டு. அந்தப் பயன் கார்ட்டிசால் வழியாக வரவில்லை என்பதுதான் செய்தி. நல்ல ஒன்றுக்குத் தவறான சான்று காட்டும்போது, சான்று உடைகிற நாளில் நல்லதும் சேர்ந்து உடைகிறது. மாற்று மருத்துவத்தின் மேல் அன்பு வைத்திருப்பவர்கள் அஞ்ச வேண்டியது இந்த விபத்தைத்தான்.

மூச்சின் கதை இன்னும் நுட்பமானது. நாடியைப் பார்த்தால் இதயம் ஒரே சீராகத் துடிப்பதாகத் தோன்றும். உண்மையில் ஒவ்வொரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள நேரம் மாறிக்கொண்டே இருக்கிறது. மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று விரைகிறது, விடும்போது தாமதிக்கிறது. வேகஸ் நரம்பு இதயத்தின் மேல் வைத்திருக்கும் பிடி இது. மார்பில் ஒட்டிய இரண்டு மூன்று பட்டைகளோ, விரலில் மாட்டிய ஒளிக்கருவியோ போதும். இந்த இடைவெளி மாறுபாட்டை அளந்து, உடம்பு தளர்ந்திருக்கிறதா இறுகியிருக்கிறதா என்று சொல்லப் பார்க்கலாம். இன்று கைக்கடிகாரங்கள் காட்டும் அழுத்த எண்ணின் பின்னால் இருப்பதும் பெரும்பாலும் இதுதான்.

2001 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இத்தாலியரான லூசியானோ பெர்னார்டியின் குழு ஓர் அழகான ஆய்வை வெளியிட்டது. 23 பேரை லத்தீன் மொழியில் செபமாலை செபிக்கவும், ஓம் மணி பத்மே ஓம் என்கிற மந்திரத்தை உச்சரிக்கவும் சொன்னார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு என்கிற அளவுக்குத் தணிந்தது. உடம்பின் ரத்த அழுத்த அலைக்கும் இயல்பாகவே ஏறக்குறைய பத்து நொடிக்கு ஒரு சுற்று உண்டு. மூச்சும் அதுவும் ஒரே தாளத்தில் சேர்ந்தபோது இதயத்தின் இடைவெளி மாறுபாடு பெருகியது; ரத்த அழுத்தத்தைச் சரிசெய்யும் அனிச்சை வினையும் வலுத்தது. இரண்டு மதத்தாரின் வழிபாடு உடம்பை ஒரே தாளத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது என்பதை ஒருவரின் தோலிலும் கீறல் போடாமல் கண்டார்கள்.

ஆனால் இதே அளவையில் ஒரு படுகுழி இருக்கிறது. 1996இல் ஐரோப்பிய, வட அமெரிக்க இதயவியல் அமைப்புகள் சேர்ந்து இந்த மாறுபாட்டை அதிர்வெண் வாரியாகப் பிரித்து விதி வகுத்தன. 0.15 முதல் 0.4 ஹெர்ட்ஸ் வரை உயர் பட்டை. வேகஸ் நரம்பின் அமைதி இங்கே தெரியும். 0.04 முதல் 0.15 வரை தாழ் பட்டை. தாழ் பட்டை கூடினால் பரபரப்பு நரம்பு மண்டலம் ஓங்கியிருக்கிறது என்று பலர் படித்தார்கள். இரண்டுக்கும் உள்ள விகிதத்தையே அழுத்தத்தின் அளவாகவும் எழுதினார்கள். இப்போது கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்றால் 0.1 ஹெர்ட்ஸ். பிராணாயாமம் செய்து மூச்சைத் தணித்தவரின் அமைதி முழுவதும் தாழ் பட்டைக்குள் வந்து விழுகிறது. கருவி அதைப் படித்துவிட்டு, இவர் கடும் அழுத்தத்தில் இருக்கிறார் என்கிறது. ஆழ்ந்த அமைதியில் கண்மூடி உட்கார்ந்திருப்பவர் பரபரப்பில் துடிப்பவராகப் பதிவாகிறார். எதிர்ப்பக்கமும் பிழை நேரலாம்: மூச்சின் வேகத்தை மாற்றினாலே மாறுபாடு கூடிவிடும், அந்தக் கூடுதலை மட்டும் காட்டி மனம் தெளிந்துவிட்டது என்று எழுதினால் அதுவும் அவசரமே. மூச்சின் எண்ணிக்கையைச் சொல்லாமல் இதய மாறுபாட்டை மட்டும் சொல்லும் யோகா ஆய்வை நம்பாமலிருப்பது நல்லது.

கருவியை நம்புவதற்கும் கருவியின் எல்லையை அறிவதற்கும் உள்ள தூரத்துக்குப் பழைய சான்றும் உண்டு. 1935இல் பிரெஞ்சு இதய மருத்துவர் தெரெஸ் ப்ராஸ் இந்தியா வந்து, இதயத்தை நிறுத்துவதாகச் சொன்ன யோகியிடம் இ.சி.ஜி. எடுத்தார், இதயத்தின் இயக்கம் ஏறக்குறைய மறைந்தே போனதாக எழுதினார். பிறகு வெங்கர், பக்சி, ஆனந்த் என்ற மூவரும் சில யோகிகளை இன்னும் முழுமையான கருவிகளோடு சோதித்து 1961இல் முடிவை வெளியிட்டார்கள். மூச்சை அடக்கி மார்புக்குள் அழுத்தத்தை ஏற்றும்போது இதயத்துக்கு ரத்தம் திரும்பி வருவது குறைகிறது. மணிக்கட்டில் நாடி தேய்ந்து காணாமல் போகிறது, இதய ஒலியும் கேட்பதில்லை. மின்பதிவில் மட்டும் இதயம் துடித்துக்கொண்டே இருந்தது. யோகி பொய் சொல்லவில்லை, விரல் வைத்துப் பார்த்தவரும் பொய் சொல்லவில்லை. ஒரே ஒரு வழியில் மட்டும் பார்த்ததுதான் குறை.

நோய் எதிர்ப்பு ஆற்றலுக்கு வருவோம். இங்கே நிலைமை இன்னும் கடினம். எச்சிலில் சுரக்கும் இம்யூனோகுளோபுலின் ஏ என்கிற எதிர்ப்புரதம் வாய், மூக்கு, தொண்டை, குடல் ஆகியவற்றின் ஈரப்பரப்பைக் காக்கும் முதல் மதில். அளப்பது எளிது, மலிவு. 1983இல் லான்செட் இதழில் ஜெம்மட்டும் குழுவினரும் பல் மருத்துவ மாணவர்களை ஒரு கல்வியாண்டு முழுதும் தொடர்ந்து பார்த்து, பளு மிகுந்த மாதங்களில் இந்தப் புரதம் சுரக்கும் வீதம் தாழ்கிறது என்று காட்டினார்கள். 1988இல் வெளியான ஆய்வில் ஹார்வர்டின் டேவிட் மெக்லெலண்ட், அன்னை தெரசாவின் சேவையைக் காட்டும் படத்தை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார். படம் பார்த்தபின் அவர்களின் உமிழ்நீரில் இந்தப் புரதம் கூடியிருந்தது. அன்பைப் பார்த்தாலே எதிர்ப்பு ஆற்றல் பெருகும் என்று மேடைகளில் இன்றும் சொல்லப்படுவது இந்த ஆய்வை வைத்துத்தான்.

அன்பைப் பற்றி நல்ல செய்தி கேட்க எனக்கும் ஆசைதான். ஆனால் இதே புரதம், ஒருவர் தேர்வு அறைக்குள் நுழையும் கணத்திலும், கூட்டத்தின் முன் பேச எழும்போதும் கூடத்தான் செய்கிறது. குறுகிய அழுத்தத்தில் ஏறும், நீடித்த அழுத்தத்தில் இறங்கும். அப்படியானால் ஏற்றம் அமைதியின் அடையாளமா, பதற்றத்தின் அடையாளமா? அந்த ஓர் எண்ணால் சொல்ல முடியாது. வாய் உலர்ந்தால் எச்சில் குறைந்து, புரதத்தின் செறிவு கூடியதாகத் தோன்றும். எனவே ஒரு மில்லிலிட்டரில் எவ்வளவு என்று மட்டும் சொல்லாமல் ஒரு நிமிடத்தில் எவ்வளவு சுரந்தது என்று சொல்ல வேண்டும். பஞ்சு உருளையை மெல்லச் சொல்லி எடுத்தால் புரதத்தில் ஒரு பங்கு பஞ்சிலேயே தங்கிவிடும்.

எதிர்ப்பு ஆற்றலைப் பற்றிய கனமான உண்மைகள் வலியோடு வந்தவை என்பதை மறைக்கக் கூடாது. ஒஹாயோவில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசரும் ரொனால்ட் கிளேசரும் 1995இல் வெளியிட்ட ஆய்வு என் மனத்தை விட்டு அகலாதது. நினைவிழந்துபோன உறவினரை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் 13 பெண்கள் ஒரு பக்கம். அதே வயது, அதே வருமானம் உள்ள, அந்தப் பொறுப்பு இல்லாத 13 பெண்கள் மறு பக்கம். எல்லோர் கையிலும் முழங்கைக்குக் கீழே 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரு சிறு காயம் செய்தார்கள். அது ஆறுவதைப் படமெடுத்தார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால் நுரைக்காத நாளே ஆறிய நாள் என்று கொண்டார்கள். பொறுப்பில்லாத பெண்களுக்குச் சராசரியாக 39.3 நாளில் ஆறியது. பராமரிக்கும் பெண்களுக்கு 48.7 நாள். தூங்காத இரவுகளும், பெயரே மறந்துபோனவருக்கு ஊட்டிவிடும் பகல்களும் சேர்ந்து ஒரு சின்னக் காயத்தின் ஆறுதலை ஒன்பது நாள் தள்ளிப்போட்டன.

இந்த உண்மையை எச்சில் சொல்லியிருக்காது. பின்னர் வந்த சில ஆய்வாளர்கள் காயம் செய்யாமலே ஆறுதலை அளக்க முயன்றார்கள். செலோடேப்பை முன்கையில் ஒட்டி ஒட்டிப் பிரித்துத் தோலின் மேலடுக்கை மட்டும் சற்று நீக்கி, அதன் வழியே ஆவியாகும் நீர் எவ்வளவு விரைவில் பழையபடி குறைகிறது என்று பார்த்தார்கள். தேர்வுக் காலத்து மாணவர்களின் தோல் மெதுவாகத்தான் மீண்டது. ரத்தமில்லாமல், தழும்பில்லாமல் உண்மைக்கு அருகில் போகும் வழி இருக்கிறது என்பதற்கு இது சாட்சி. தேடினால் இன்னும் கிடைக்கும்.

2020இல் தமிழ்நாடெங்கும் கபசுரக் குடிநீர் கொடுக்கப்பட்டபோது, நோய் எதிர்ப்புச் சக்தி என்கிற சொல் ஒவ்வொரு தெருவிலும் புழங்கியது. கூடுகிறது, கூட்டுகிறது என்றே எல்லோரும் பேசினோம். ஆனால் எதிர்ப்பு ஆற்றல் கூடக்கூட நல்லது என்று எண்ண இடமில்லை. அளவு மீறினால் அது தன் உடம்பையே தாக்கும். முடக்குவாதமும் ஆஸ்துமாவும் அந்த மீறலின் வடிவங்கள். கொரோனாவில் பலரின் நுரையீரலைக் கெடுத்ததும் கிருமியோடு சேர்ந்து கட்டுமீறிய எதிர்வினைதான். வாதம், பித்தம், கபம் என்னும் மூன்று குற்றங்களில் எது மிகுந்தாலும் குறைந்தாலும் நோய் என்று சொன்ன மரபில் வந்தவர்களுக்கு இது புரியாத செய்தியா என்ன? ஆயினும் கூட்டுகிறோம் என்ற ஒற்றைச் சொல்லில் நம் மருத்துவம் தன்னை விற்றுக்கொண்டிருக்கிறது. அது எனக்கு வருத்தம் தருகிறது.

கார்ட்டிசாலுக்கும் இது பொருந்தும். குறைந்தால் நல்லது என்று எண்ணியிருந்தவர்களை நிறுத்தியவை ரேச்சல் யெஹுடாவின் ஆய்வுகள். யூத இனப்படுகொலையில் தப்பிப் பிழைத்து, பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கொடுமையின் நினைவு விடாமல் துரத்தும் முதியவர்களின் சிறுநீரை ஒரு நாள் முழுவதும் சேர்த்து அளந்தார். கார்ட்டிசால் கூடியிருக்கவில்லை. குறைந்திருந்தது. நன்றாக வாழ்ந்து நிம்மதியாக இருப்பவரிடமும் குறைந்த எண் வரலாம். இரவெல்லாம் அலறி எழுகிறவரிடமும் அதே எண் வரலாம். குழாயை மட்டும் பார்த்தால் இருவரும் ஒருவரே. அவர்களைப் பிரித்துச் சொல்ல அவர்களிடம் பேச வேண்டும்.

எண்வகைத் தேர்வில் மொழியும் ஒன்று என்பது இந்த இடத்தில்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. நோயாளியின் குரலையும் சொல்லையும் நாடிக்கும் நாவுக்கும் நிகரான சான்றாக வைத்திருக்கிறார்கள். ஷெல்டன் கோஹன் 1983இல் வெளியிட்ட, கடந்த ஒரு மாதத்தில் உன் வாழ்க்கை உன் கட்டுக்குள் இருந்ததாக உணர்ந்தாயா என்பதுபோன்ற கேள்விகளைக் கொண்ட அளவுகோல், இன்றும் பல ஆய்வுகளில் கார்ட்டிசாலின் பக்கத்தில் இடம்பெறுகிறது. இரண்டும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. நான் நன்றாக இருக்கிறேன் என்பவரின் உடம்பு வேறு சொல்கிறது; தாங்க முடியவில்லை என்பவரின் எச்சிலில் ஒன்றுமே தெரிவதில்லை. இதைக் கண்டு ஒருவரைப் பொய்யர் ஆக்குவது பெருந்தவறு. உடம்பு சொல்வதும் வாய் சொல்வதும் இருவேறு செய்திகள். இரண்டையும் எழுதிவைத்து, ஏன் வேறுபடுகின்றன என்று யோசிப்பதே ஆய்வு.

பேச்சும் கவனிப்பும் தாமே மருந்து என்பதும் அளந்து அறியப்பட்டதுதான். டெட் கேப்ட்சக்கின் குழு, 2008இல் வெளியான ஆய்வில், குடல் எரிச்சல் நோய் உள்ள 262 பேரை மூன்றாகப் பிரித்தது. ஒரு குழுவுக்கு எதுவுமில்லை, காத்திருப்பு மட்டும். இன்னொரு குழுவுக்குப் போலி அக்குபஞ்சர். செய்பவர் அதிகம் பேசமாட்டார். மூன்றாவது குழுவுக்கு அதே போலி அக்குபஞ்சரோடு, நேரம் ஒதுக்கிக் கனிவாகக் கேட்டுப் பேசும் மருத்துவர். போதுமான நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னவர்கள் முறையே 28, 44, 62 சதவீதம். நம் ஊர் வைத்தியர் திண்ணையில் உட்காரவைத்து அரை மணி நேரம் கேட்பதில் எவ்வளவு குணம் இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா? ஆனால் அந்தப் பெருமையை முழுதும் கஷாயத்தின் கணக்கில் எழுதினால், கஷாயத்தையும் நாம் அறியமாட்டோம், கேட்பதன் வலிமையையும் அறியமாட்டோம். இரண்டையும் பிரிக்க மூன்று குழுக்கள் வேண்டும்.

இல்லை என்று சொல்ல இடம் கொடுக்காத அளவையால், ஆம் என்றும் சொல்ல முடியாது. முன்னொரு குழாய், பின்னொரு குழாய் என்று எடுத்து, பொழுது தானாக இறக்கியதை வெற்றியாக எழுதும் ஆய்வில் தோற்பதற்கே வழியில்லை. அதனால் அதில் வெல்வதற்கும் ஒன்றுமில்லை. தன் மருத்துவத்தை உண்மையாக நேசிப்பவர், அது தோற்கக்கூடிய சோதனைக்கு அதை அனுப்பிவைப்பார். அதில் நின்று மீண்டால் அதை யாராலும் அசைக்க முடியாது. ஊசி இல்லாத அளவைகள் நமக்குத் தந்திருக்கும் பெரிய வாய்ப்பு இதுதான். நோயாளியை நோகடிக்காமல், ஒரு நாளில் பல தடவை, வீட்டிலேயே, மாதக்கணக்கில் அளக்கலாம். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. வேரை ஒட்டிய மூன்று சென்டிமீட்டரில் கடந்த மூன்று மாதக் கார்ட்டிசாலின் தடம் இருக்கிறது. இவ்வளவு மென்மையான கருவிகள் கைக்கு வந்தபின், ஒப்பீட்டுக் குழு வைக்கக் கஷ்டம், பலமுறை அளக்கக் கஷ்டம் என்று சொல்ல நமக்கு நியாயமில்லை.

தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் உட்பட நம் நாட்டு மருத்துவத்தை ஆராயும் எல்லா இடங்களிலும் உள்ள இளம் ஆய்வாளர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. எண்வகைத் தேர்வை முதலில் அதன் சொந்த நிலத்திலேயே சோதித்துப் பாருங்கள். ஒரே நோயாளியின் நாடியை, ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாமல், பல வைத்தியர்கள் பார்த்தால் எவ்வளவு ஒத்துவருகிறது? ஒரே நீரில் விட்ட துளியை இருவர் ஒரே வடிவமாகக் காண்கிறார்களா? இதற்குச் செலவு மிகக் குறைவு, வலி சிறிதும் இல்லை. அதன்பின் எச்சிலையும் துடிப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேரையர் கேட்ட வேளையும் உணவும் உறக்கமும் அங்கேயும் குறிக்கப்படட்டும். ஒத்துவரவில்லை என்றால் அதையும் அச்சேற்றுங்கள்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தப் பயிற்சி அழுத்தத்தைக் குறைக்கும், இந்தக் கஷாயம் எதிர்ப்பு ஆற்றலைக் கூட்டும் என்று யாராவது எண்களோடு வந்து சொன்னால், உடனே நம்பவும் வேண்டாம், உதறவும் வேண்டாம். எதை அளந்தீர்கள், எந்த வேளையில் அளந்தீர்கள், அதைச் செய்யாதவர்களுக்கு அதே நேரத்தில் என்ன ஆயிற்று, அந்த மனிதர்கள் தங்கள் வாயால் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்ல முடிந்தவரிடம் உங்கள் உடம்பை ஒப்படைக்கலாம்.